மாடியில் டவர் தெரிகிறது, நெட் ஏன் வரவில்லை?

கெலமங்கலத்திலிருந்து தேன்கனிக்கோட்டை போகிற வழியில் எந்த ஊரில் வேண்டுமானாலும் இறங்கிக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு நெட் வாங்க முயன்றவர்கள் ஏறக்குறைய ஒரே புகாரைத்தான் சொல்வார்கள். மொட்டைமாடியில் ஏறினால் டவர் கண்ணெதிரே நிற்கிறது. போனில் நான்கு கோடும் நிரம்பியிருக்கிறது. ஆனால் வீட்டு இணைப்புக்குப் பதிவு செய்தால், வந்து பார்க்கிற பையன் மாடியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "உங்க வீட்டுக்கு ஃபீசிபிள் இல்ல சார்" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறான். அதே ஊரில், டவர் பார்வையிலேயே படாத இன்னொரு வீட்டு மாடியில் வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. கீழே பிள்ளைகள் யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டுவது சுலபம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருப்பது, 1818ஆம் ஆண்டுவாக்கில் பாரிஸ் நகரத்து அறிஞர்கள் ஒளியைப் பற்றிப் போட்ட ஒரு சண்டை. அதற்கு வருவோம்.

ஓசூர் வட்டாரத்தின் நிலைமை கொஞ்சம் வேடிக்கையானது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் இங்கே வந்து நாற்பது ஆண்டுகளை ஒட்டி ஆகிறது. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர் தொலைவுதான். நெடுஞ்சாலை ஓரமாகக் கண்ணாடியிழைக் கேபிள்கள் மண்ணுக்கடியில் ஓடுகின்றன. ஆனால் சாலையை விட்டு சூளகிரிப் பக்கமோ அஞ்செட்டிப் பக்கமோ உள்ளே திரும்பினால் வீடுகள் அவரவர் நிலத்துக்குள் ஒன்றும் இரண்டுமாகச் சிதறிக் கிடக்கும். கேபிள் இழுப்பவருக்கு இது வெறும் கணக்கு. ஒரு கிலோமீட்டர் இழுத்தால் அடுக்குமாடிப் பகுதியில் நூறு வீடு கிடைக்கும். இங்கே நாலு கிடைத்தால் அதிகம். தோண்டினால் இரண்டடியில் பாறை தட்டும். கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டால் வைக்கோல் ஏற்றி வரும் லாரி அறுத்துக்கொண்டு போகும்.

அதனால்தான் அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மட்டும் காற்றில் தாண்டும் ஏற்பாடு. டவர் வரை கண்ணாடியிழை. டவரிலிருந்து வீட்டு மாடி வரை ரேடியோ அலை. மாடியிலிருந்து ஒரு லேன் கேபிள் கீழே இறங்கி ரவுட்டருக்குப் போகிறது. அதன் பிறகு வழக்கமான வைஃபை. அலையை வாங்கும் கருவி ஓரிடத்தில் அசையாமல் நிற்பதால் இதை நிலைத்த கம்பியில்லா இணைப்பு என்கிறார்கள். 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் பெருநகரங்களில் ஏர்ஃபைபர் என்ற பெயரில் இதைத் தொடங்கிப் பிறகு சிற்றூர்களுக்கும் கொண்டுவந்தன. இன்னொரு வழியும் உண்டு. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஏலமில்லாமல் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. உள்ளூர் நெட்காரர்கள் மாடிக்கு மாடி டிஷ் வைத்து இணைப்புத் தருவது இந்தப் பகுதியில்தான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 1990களில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான குழு, மைடாஸ் என்ற சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. டவரிலிருந்து பத்து கிலோமீட்டர் வரை, மறைப்பு ஏதும் இல்லாமல் இருந்தால், வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டி வழியாகப் பேசவும் முடிந்தது, விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையத்தில் உலவவும் முடிந்தது. 2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்து ஊர்களில் இதை வைத்துத்தான் இணைய மையங்கள் திறந்தார்கள். இன்று 30 மெகாபிட் திட்டத்தையே சின்னது என்கிறோம். அது 70 கிலோபிட்டைப் போல நானூறு மடங்குக்கும் மேல். அன்று அவர்கள் மல்லுக்கட்டிய சிக்கல்களோ அப்படியே இருக்கின்றன: எட்டுமா, மறைக்குமா, எத்தனை பேர் பங்கு போடுவது.

முதலில் போனில் தெரியும் கோடுகளை எடுத்துக்கொள்வோம். அவை எதை அளக்கின்றன என்பதில்தான் பாதிக் குழப்பமும் இருக்கிறது.

ரேடியோ அலைக்கு ஒரு நீளம் உண்டு. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான தூரம். விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது அதிர்வெண். அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும். 5ஜிக்காக 2022 ஆகஸ்டில் ஏலம் போன அலைக்கற்றைகளில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர், ஒரு முழம். 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டியதற்கு எட்டரை சென்டிமீட்டர். 26 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே மேல். நீளமான அலை, தடையின் விளிம்பில் பட்டால் வளைந்து மறுபக்கம் இறங்கும். இதை விளிம்பு வளைவு என்போம். குட்டையான அலை அவ்வளவாக வளையாது. தடைக்குப் பின்னால் நிழல் விழுந்துவிடும். எனவே கரட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கும் 700 எட்டிப் பார்க்கும், 3.5 எட்டாது.

அப்படியானால் எல்லாவற்றையும் 700இலேயே கொடுத்துவிடலாமே? இடம் போதாது. அந்த ஏலத்தில் 700 பட்டையை வாங்கிய ஒரே நிறுவனம் ஜியோ. அதற்குக் கிடைத்தது, போகத் தனியாக 10, வரத் தனியாக 10 மெகாஹெர்ட்ஸ். 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அதற்குக் கிடைத்தது ஒரே துண்டாக 100. அகலம்தான் கொள்ளளவு. வீட்டுக்கு வீடு நூறு மெகாபிட் தருவதாகச் சொல்லி விற்பதற்கு அந்த அகலமான துண்டுதான் வேண்டும். போன், தனக்கு எட்டிய ஏதோ ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு கோடுகளை நிரப்பிக் காட்டுகிறது. வளைந்து வந்த ஒல்லியான பட்டையாக அது இருந்தால் வாட்ஸ்அப் ஓடும், பேச்சு தெளிவாகக் கேட்கும். வீட்டுக்கு நெட் கொடுக்க அது காணாது. மாடியில் சுற்றிய பையன் தேடியது அகலமான பட்டையை. அது அங்கே இறங்கவில்லை.

கோடுகள் மறைக்கும் இன்னொரு விஷயம், இது இருவழிப் பேச்சு என்பது. மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் நடுவில் மைக் செட் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தால் நாலு வயல் தள்ளியிருக்கும் உங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். நீங்கள் அங்கிருந்தே வாயால் பதில் கூவினால் மேடைக்கு ஒன்றும் கேட்காது. டவரின் சக்தி பத்துக்கணக்கான வாட். உங்கள் போன் அதிகபட்சம் 0.2 வாட். கோடுகள் காட்டுவது மேடையின் குரல் உங்களுக்குக் கேட்கும் அளவை மட்டுமே. இணையத்திலோ, ஒவ்வொரு பொட்டலமும் வந்து சேர்ந்ததா என்று பதில் போயாக வேண்டும். போகவில்லையென்றால் அனுப்பியதையே மறுபடி அனுப்புவார்கள், வேகம் படுத்துவிடும். மாடியில் மாட்டும் பெட்டியோ டிஷ்ஷோ செய்வது என்னவென்றால், உங்கள் கையிலும் ஒரு குழாயைக் கொடுத்து மேடையை நோக்கித் திருப்பி வைப்பது. குரல் எல்லாத் திசையிலும் வீணாகாமல் ஒரே பக்கம் போகிறது. கேட்கும்போதும் மற்றப் பக்கத்து இரைச்சல் காதில் விழுவது குறைகிறது.

இரைச்சல் குறைவது சாதாரண ஆதாயம் அல்ல. ஒரு பட்டையில் எவ்வளவு தகவலை அனுப்ப முடியும் என்பதற்கு உச்சவரம்பு உண்டு என்று 1948இல் அமெரிக்கப் பொறியாளர் கிளாட் ஷானன் நிறுவினார். அந்த வரம்பைத் தீர்மானிப்பவை இரண்டு: பட்டையின் அகலம், குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். திருவிழாக் கூச்சலில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமைதியான இடத்தில் அதே ஆள் மூச்சுவிடாமல் பேசலாம். ரேடியோ கருவிகளும் இதைத்தான் செய்கின்றன. இரைச்சல் மிகுந்தால் ஒரு துடிப்பில் 2 பிட் மட்டும் ஏற்றும். சூழல் தெளிந்தால் 8 பிட் வரை ஏற்றும். டவர் அப்படியே நிற்கும்போதே காலையில் ஒரு வேகம், இரவில் ஒரு வேகம் வருவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது பாரிஸ். அகஸ்டின் ஃபிரெனெல் என்பவர் பிரெஞ்சு அரசில் சாலை போடும் எஞ்சினியர். ஓய்வு நேரத்தில் ஒளியை ஆராய்ந்தார். ஒளி துகள்களாகப் பாய்கிறது என்று பெரியவர்கள் நம்பிய காலத்தில், அது அலைதான் என்று வாதிட்டு 1818இல் அறிவியல் கழகத்தின் போட்டிக்குக் கட்டுரை அனுப்பினார். அலை முகப்பின் ஒவ்வொரு புள்ளியும் புதிய சிற்றலைகளைக் கிளப்புகிறது, அவை ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் கொள்கின்றன என்பது அவர் கணக்கு. நடுவர்களில் ஒருவரான புவாசோன் இதை நம்பவில்லை. கணக்கையே எடுத்து அதன் கோமாளித்தனத்தைக் காட்டப் போனார்: இது சரியென்றால், ஒரு வட்டத் தகட்டின் நிழலுக்கு நட்டநடுவில், எல்லா விளிம்பிலிருந்தும் சம தூரத்தில் வரும் சிற்றலைகள் ஒன்றுசேர்ந்து, வெளிச்சப் புள்ளி ஒன்று தோன்ற வேண்டும். நிழலுக்குள் வெளிச்சமா! இன்னொரு நடுவர் அராகோ, சிரித்துவிட்டுப் போகாமல் சோதனை செய்து பார்த்தார். புள்ளி இருந்தது. பரிசு ஃபிரெனெலுக்குப் போனது. எதிராளி கேலிக்காகச் சொன்ன முடிவே சாட்சியாக வந்து நின்ற சம்பவங்களில் இதற்கு இணை எனக்குத் தெரிந்து குறைவு.

ஒளிக்குப் பொருந்துவது ரேடியோ அலைக்கும் பொருந்தும். டவரிலிருந்து உங்கள் டிஷ்ஷுக்கு அலை ஒரே நேர்கோட்டில் மட்டும் வருவதில்லை. கோட்டைச் சுற்றியுள்ள வெளியெங்கும் பரவி, சற்றே சுற்றிவரும் வழிகளிலும் வந்து சேருகிறது. சுற்றுவழி நேர்வழியைவிட அரை அலைநீளத்துக்குள் கூடுதலாக இருந்தால் அந்த அலைகள் நேர்வழி அலைக்குத் துணையாகக் கூடும். அதைத் தாண்டினால் எதிராகக் கழியும். துணை நிற்கும் வழிகள் எல்லாம் அடங்கிய வெளிக்கு முதல் ஃபிரெனெல் மண்டலம் என்று பெயர். இரண்டு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்திருக்கும். எவ்வளவு பருமன் என்பதுதான் பலரையும் திகைக்க வைக்கும். 5.5 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் இரண்டே முக்கால் சென்டிமீட்டர். நாலு கிலோமீட்டர் இணைப்பில், பாதி வழியில், நேர்கோட்டிலிருந்து ஏழு மீட்டருக்கு மேல் விலகிப் போகிற வழிகூட மொத்தத்தில் அந்த இரண்டே முக்கால் சென்டிமீட்டர்தான் நீளும். ஆக, நடுவழியில் கோட்டுக்கு மேலும் கீழும் பக்கங்களிலும் ஏழு மீட்டர் அளவுக்கு வெட்டவெளி வேண்டும். முழுதும் இல்லாவிட்டாலும் அதில் அறுபது விழுக்காடாவது தெளிவாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

கண்ணுக்கு வேலை செய்யும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதனால் அதற்கு ஊசிமுனைச் சந்து போதும். இரண்டு தென்னை மட்டைகளுக்கு நடுவிலும் டவர் தெரிந்துவிடும். டிஷ்ஷுக்கு அந்தச் சந்து அடைபட்ட சுவர் மாதிரிதான். டவர் தெரிந்தும் நெட் வராத வீட்டின் கதை இதில் அடங்கிவிடுகிறது. டவர் தெரியாமல் நெட் வருகிற வீட்டுக்கோ, பெரும்பாலும் எதிர்ப்பாறையிலோ ஆலையின் தகரக் கூரையிலோ பட்டுத் திரும்பும் அலை கைகொடுக்கிறது, அல்லது ஒல்லிப் பட்டையே வளைந்து வந்து ஓரளவுக்கு ஒப்பேற்றுகிறது.

திசை திருப்புவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதைப் பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு வீட்டில் பார்த்தேன். இரண்டடி டிஷ், ஜிஐ பைப்பில் யு-கிளாம்ப் போட்டு மாட்டியிருந்தது. வந்த இளைஞர் போல்ட்டைப் பாதி தளர்த்திவிட்டு, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிஷ்ஷின் விளிம்பை மெல்லத் தள்ளினார். திரையில் மைனஸ் 78, 76, 74. பிறகு 77க்கு இறங்கியது.

"தம்பி, அதான் நல்லா வந்துச்சே, அங்கயே இறுக்கிடு" என்றார் வீட்டுக்கார அம்மா.

"இல்லம்மா, இது பக்கவாட்டு சிக்னல். நெஜமானது இன்னும் தள்ளி இருக்கும்" என்று மேலும் தள்ளினார். 80 வரை போய்விட்டு, சட்டென்று 66, 61, 58. பிறகு 63. ஒரு மயிரிழை பின்னால் இழுத்து 58இல் நிறுத்தி இறுக்கினார்.

அவர் சொன்னது முற்றும் சரி. எந்த ஆன்டெனாவும் தன் முதன்மைக் கற்றையோடு இரண்டு பக்கமும் மெலிந்த பக்க மடல்களையும் வைத்திருக்கும். அவசரக்காரர்கள் முதலில் கிடைக்கும் மேட்டிலேயே இறுக்கிவிட்டுப் போவார்கள். அந்த எண்களைப் படிக்கவும் தெரிந்துகொள்வது நல்லது. மைனஸ் குறி இருப்பதால் சிறிய எண்தான் வலுவானது. பத்து குறைந்தால் சக்தி பத்து மடங்கு, இருபது குறைந்தால் நூறு மடங்கு. மைனஸ் 60 என்பது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்பத்தில் ஒரு சினிமா ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். 74க்கும் 58க்கும் இடையில் நாற்பது மடங்கு வித்தியாசம். இரண்டடி டிஷ்ஷின் கற்றை ஆறு பாகைதான் விரியும். விளிம்பில் ஒரு விரற்கடை தள்ளிப்போனாலே சக்தி பாதிக்கும் கீழே. ஆடிக்காற்றில் கிளாம்ப் நெகிழ்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காற்றைவிடப் பெரிய எதிரி மரம். இந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் மா, புளி, தைலமரத் தோப்புகள். இலை என்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும், சிதறடிக்கும். மழையில் நனைந்த இலை இன்னும் மோசம். "ரெண்டு வருஷம் நல்லா ஓடுச்சு, இப்ப கொஞ்ச நாளா சரியில்ல" என்கிறவர் வீட்டில் ரவுட்டரைக் குறை சொல்வதற்கு முன், இடையில் யாராவது தைலமரம் நட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நட்டபோது முழங்கால் உயரம் இருந்தது, கொஞ்சங்கொஞ்சமாக வளர்ந்து, கண்ணுக்கு டவரை மறைக்காமலேயே மண்டலத்தின் அடிவயிற்றுக்குள் நுழைந்திருக்கும். பைப்பை இரண்டு மீட்டர் உயர்த்துவது, புதிய ரவுட்டர் வாங்குவதைவிட மலிவான வைத்தியம். ரோஜாப் பசுமைக்குடில்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாலித்தீன் தாளுக்கு இந்த அலைகளை மறிக்கும் திறன் கிடையாது.

மழையையும் ஆளாளுக்குத் திட்டுகிறோம். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மழைத்துளி ஒரு பொருட்டே அல்ல. ஐந்தரை சென்டிமீட்டர் நீள அலைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளி கண்ணிலேயே படாது. 26 கிகாஹெர்ட்ஸில் நிலைமை வேறு. அங்கே அலைநீளம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி வந்துவிடுவதால், மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழை ஒரு கிலோமீட்டருக்குள் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கைத் தின்றுவிடும். இந்தக் குட்டை அலைகளை முதன்முதலில் கையில் பிடித்து விளையாடியவர் நம்முடைய ஜகதீஷ் சந்திர போஸ். 1890களில் கல்கத்தாவில் 5 மில்லிமீட்டர் வரை குட்டையான அலைகளை உண்டாக்கி, சுவரைத் தாண்டி மணியடிக்க வைத்துக் காட்டினார். அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைப் பிரித்தறிய அவர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, ஏட்டுக்கு ஏடு ஈயத்தாள் செருகிய பிராட்ஷா ரயில்வே கால அட்டவணை. இன்றைய டிஷ்கள் அதே பண்பைப் பயன்படுத்திக்கொண்டு, மேல்கீழாக அதிரும் அலையில் ஒரு தகவல் ஓட்டத்தையும் பக்கவாட்டில் அதிரும் அலையில் இன்னொன்றையும் ஒரே நேரத்தில் அனுப்புகின்றன.

எட்டுவதும் மறைப்பதும் தீர்ந்தாலும் பங்கு போடுகிற சிக்கல் மிச்சம் இருக்கிறது. டவரின் ஒரு முகத்துக்குக் கிடைக்கும் கொள்ளளவை அந்தப் பக்கத்து எல்லாப் போன்களும் எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. போனில் பார்ப்பதைவிட வீட்டு டிவியில் பார்ப்பது பல மடங்கு தின்னும். ஆகவே ஒரு முகத்துக்கு இத்தனை வீடுதான் என்று கம்பெனிகள் வரம்பு வைக்கின்றன. 'ஃபீசிபிள் இல்லை' என்பதற்குச் சில சமயம் 'இடம் நிரம்பிவிட்டது' என்று பொருள். அதை அப்படியே சொல்லித் தொலைத்தால் பாதிச் சண்டை குறையும்.

எல்லையோரத்தில் இதோடு ஒரு கூடுதல் சிக்கு. நாட்டை 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரித்து வட்டவாரியாக அலைக்கற்றை விற்கிறார்கள். ஜுஜுவாடி தமிழ்நாட்டு வட்டம். சோதனைச்சாவடி தாண்டினால் அத்திப்பள்ளி கர்நாடக வட்டம். அலைக்கு எல்லைக்கல் தெரியாது. நடுவில் இருக்கும் வீட்டில் போன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிக்கொண்டிருக்கும். திசைபார்த்து மாட்டிய மாடிப்பெட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் 3.3 பட்டையில் டவரும் வீடும் ஒரே அலைவரிசையில் முறைவைத்துப் பேசுகின்றன. ஒன்று பேசும்போது மற்றது கேட்கும். பக்கத்து டவர்கள் எல்லாம் ஒரே தாளத்தில், மைக்ரோவிநாடி பிசகாமல், ஒன்றாகப் பேசி ஒன்றாகக் கேட்டால்தான் ஒருவர் கத்தல் மற்றவர் காதை அடைக்காது. பெரிய கம்பெனிகள் செயற்கைக்கோள் கடிகாரத்தை வைத்து இதைச் சமாளிக்கின்றன. உரிமம் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸில் அவரவர் இஷ்டம். புதிதாக ஒருவர் டிஷ் மாட்டிய அன்று உங்கள் வேகம் சரிந்தால், அதற்காகப் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது.

தாளம் எவ்வளவு முக்கியம் என்பது தேனியில் தெளிவாகத் தெரிந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை, தேனி மாவட்டத்துச் சிற்றூர்ப் பார்வை மையங்களைத் தன் மருத்துவர்களோடு வீடியோவில் இணைக்க, 2000களின் நடுவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழுவோடு சேர்ந்து நெடுந்தூர வைஃபை இணைப்புகள் அமைத்தது. வைஃபை, ஒரு வீட்டுக்குள் புழங்குவதற்காகச் செய்யப்பட்டது. அனுப்பியதற்குச் சில பத்து மைக்ரோவிநாடிக்குள் பதில் வரவில்லையென்றால் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பும். ஆனால் ரேடியோ அலை ஒரு மைக்ரோவிநாடியில் 300 மீட்டர்தான் போகும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோவிநாடி. பதில் வந்துகொண்டிருக்கும்போதே பொறுமை இழந்து மறுபடி கத்தினால் இரண்டும் மோதும். அந்தக் குழு நெறிமுறையையே மாற்றி, முறைவைத்துப் பேசவும் பதில்களை மொத்தமாக அனுப்பவும் செய்தது. கருவி அதே மலிவு வைஃபை கருவி. வேகம் பல மடங்கு கூடியது. 2007இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

மறு ஆண்டு அதே குழு இன்னொரு கட்டுரை எழுதியது. எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. இந்த இணைப்புகளை ஆண்டுக்கணக்கில் ஓட்டியதில் வந்த பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அலையோ தூரமோ அல்ல, மின்சாரம். திடீரென எகிறும் வோல்டேஜ், அடிக்கடி போய் வரும் கரண்ட், அதனால் எரிந்துபோகும் அடாப்டர்கள்.

ஓசூர்ப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் இதன் சின்ன வடிவத்தைப் பார்க்கலாம். கரண்ட் போனாலும் நெட் வேண்டும் என்று ரவுட்டருக்குக் கடையில் ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கி வைத்திருப்பார்கள். கரண்ட் போகும், ரவுட்டர் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும், நெட் மட்டும் இருக்காது. மாடியில் இருக்கும் பெட்டிக்குத் தனி அடாப்டர் உண்டு, லேன் கேபிள் வழியாகவே அதற்கு மின்சாரம் ஏறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. குட்டி யுபிஎஸ் பெரும்பாலும் 12 வோல்ட் தருவது. மாடிப் பெட்டியின் அடாப்டர் 24 அல்லது 48 வோல்ட்டாக இருக்கும். இரண்டையும் தாங்குகிற யுபிஎஸ் வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு இன்வெர்ட்டர் லைனில் இரண்டு அடாப்டர்களையும் செருகிவிடலாம். எதை வாங்குவதானாலும் அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.